2000-இல் முடியவில்லை, 2033-இல் முடியுமா? ரங்கூனிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "2000-இல் உலகம் முடியும் என்றார்கள், முடியவில்லை. இப்போது பர்மாவின் நிலநடுக்கத்தையும் சண்டையையும் காட்டி, 2033-க்குள் இயேசுவின் ஆயிரவருஷ அரசாட்சி தொடங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அங்கே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?"

எல்லோர் சார்பிலும் பேச முடியாது. நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். கிறிஸ்து மறுபடியும் வருவார் என்று முழு மனதோடு நம்புகிறேன். வருஷம் குறித்துச் சொல்கிற யாரையும் நம்புவதில்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்று மத்தேயு 24-இல் சொன்னவரே அவர்தான். அவரை நம்புகிறவள் என்பதால்தான் தேதி சொல்கிறவர்களை நம்ப முடியவில்லை.

2000 என்ற எண்ணை முதலில் பார்த்துவிடலாம். எங்கள் ஊர்ச் சுவர் காலண்டரில் ஒரே நாளுக்கு மூன்று வருஷக் கணக்கு இருக்கும். 1999 டிசம்பர் 31 பர்மிய வருஷத்தில் 1361, புத்தர் மறைந்ததிலிருந்து எண்ணும் சாசன வருஷத்தில் 2543. பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்துக்கு அன்று எந்த ஆயிரமும் முடியவில்லை. அவர்களுடைய பெரிய கணக்கு 1956-லேயே வந்துவிட்டது. சாசனம் 2500 வருஷத்தை எட்டியதற்காக இங்கே ரங்கூனின் கபா ஏ என்ற இடத்தில் 1954 முதல் இரண்டு வருஷம் புத்த பிக்குகளின் ஆறாவது மகா சங்கமே கூடியது. சாசனம், அதாவது புத்தரின் போதனை, 5000 வருஷம் நிற்கும், அப்புறம் அடுத்த புத்தரான அரிமேத்தேயர் வருவார் என்று அவர்களும் காத்திருக்கிறார்கள்.

நம்முடைய கி.பி. கணக்கோ ஆறாம் நூற்றாண்டில் ரோமில் தியோனீசியஸ் என்ற துறவி போட்டது. இயேசு பிறந்தது ஏரோது ராஜாவின் நாளில் என்று வேதம் சொல்கிறது. ஏரோது கி.மு. 4-இல் இறந்தான் என்றுதான் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் இயேசு பிறந்து 2000 வருஷம் 1990-களிலேயே நிறைந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

'ஆறு நாள் சிருஷ்டி, ஏழாம் நாள் ஓய்வு; ஒரு நாள் என்றால் ஆயிரம் வருஷம்; ஆகவே 6000 வருஷம் முடிந்ததும் ஆயிரவருஷ அரசாட்சி' என்ற கணக்கும் புதிதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் இரேனியுஸ் என்ற சபைத் தலைவர் அப்படித்தான் எழுதினார். மூன்றாம் நூற்றாண்டில் இப்போலித்து என்ற சபை எழுத்தாளர், இயேசு பிறந்தது சிருஷ்டியின் 5500-ஆம் வருஷம் என்று கணக்கிட்டார். அதன்படி கி.பி. 500-லேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பிறகு 17-ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் சிருஷ்டி கி.மு. 4004 என்றார். அதன்படி 1997-லேயே கணக்கு தீர்ந்துவிட்டது.

அந்த 1999 வருஷக் கடைசி ஆராதனை நன்றாக நினைவிருக்கிறது. அப்போது இங்கே கம்ப்யூட்டர் வைத்திருந்த வீடு மிகக் குறைவு, அதனால் 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி நின்றுவிடும் என்ற ஒய்டூகே பயம் எங்களைத் தொடவில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்த துண்டுப்பிரதிகளும் கேசட்டுகளும் கை மாறிக்கொண்டிருந்தன. சிலர் அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி அடுக்கியிருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கே சபை நிறைந்துவிட்டது. கரண்ட் இல்லை. பெஞ்சின் நுனியில் மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தை அதன் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தோம். போதகர் எழுந்து 90-ஆம் சங்கீதத்தை வாசித்தார். ஆயிரம் வருஷம் உமது பார்வைக்கு நேற்றுக் கழிந்த நாள் போல என்று வருகிற அந்தச் சங்கீதம்தான் வருஷா வருஷம் வாசிப்பது. உலக முடிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு அடித்ததும் எப்போதும் போல வேத வசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டுத் தட்டு வந்தது, ஆளுக்கு ஒன்று எடுத்தோம், கேக்கும் டீயும் கொடுத்தார்கள். பயந்துகொண்டு வந்திருந்தவர்களைக் கேலி செய்யாமல், திட்டாமல், அவர்களையும் சேர்த்து வழக்கமான ஆராதனையை நடத்தி முடித்த அந்தப் போதகர் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

சரி, ஆயிரவருஷ அரசாட்சிக்கு வருவோம். வெளிப்படுத்தல் 20-ஆம் அதிகாரத்தின் சில வசனங்களில்தான் இந்த ஆயிரம் வருஷம் வருகிறது. அதைச் சபை ஒரே மாதிரி புரிந்துகொண்டதே இல்லை. கிறிஸ்து வந்து, அப்புறம் பூமியில் ஆயிரம் வருஷம் ஆளுவார் என்பது ஒரு பார்வை. அந்த ஆட்சி அவருடைய முதல் வருகையிலேயே தொடங்கிவிட்டது, ஆயிரம் என்பது முழுமையைக் குறிக்கும் எண் என்று பழைய சபைப் போதகர் அகுஸ்தீன் போதித்தார், கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரில் பெரும்பாலோரும் அந்த வழி. சுவிசேஷம் உலகமெல்லாம் பரவி நல்ல காலம் வந்த பிறகுதான் அவர் வருவார் என்பது மூன்றாவது. 1813-இல் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ரங்கூனில் வந்து இறங்கிய காலத்தில் அமெரிக்க மிஷனரிகளிடையே பரவலாக இருந்தது இந்த மூன்றாவது நம்பிக்கைதான். முதல் பர்மிய விசுவாசி ஞானஸ்நானம் பெற ஆறு வருஷம் ஆயிற்று, வேதம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடிக்க 1834 ஆயிற்று. முடிவு நாளைக்கே என்று நினைத்திருந்தால் அகராதிக்கும் மொழிபெயர்ப்புக்கும் இத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பார்களா?

இன்று வாட்ஸ்அப்பில் வருகிற இரகசிய வருகை (விசுவாசிகள் திடீரென்று எடுத்துக்கொள்ளப்படுவது), ஏழு வருஷ உபத்திரவம், அந்திக்கிறிஸ்து என்ற வரிசை முழுவதும் ஒரே சட்டமாக வந்தது 1830-களில் டார்பி என்ற போதகரிடமிருந்து. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமம் அதை உலகமெல்லாம் கொண்டுபோனது. நம் பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் அந்த வழியில்தான் வந்தது. அதை நம்புகிறவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள், நல்ல விசுவாசிகள். ஆனால் வேதத்தில் இதைத் தவிர வேறு அர்த்தமே இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிலநடுக்கம், சண்டை என்ற கடைசி கால அடையாளங்கள் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறை அடையாளங்களைப் பார்த்தாயிற்று. 1941 டிசம்பர் 23, கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் அசாமுக்கு நடந்தே போனார்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இதுதான் மகா உபத்திரவம் என்று அன்றைக்குப் பேசிக்கொண்டதாகப் பாட்டி சொல்வார். 1964-இல் கடைகளெல்லாம் அரசுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987-இல் 25, 35, 75 நோட்டுகளைச் செல்லாது என்றார்கள், மாற்றியும் தரவில்லை. 'முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது' என்ற வெளிப்படுத்தல் வசனத்தை அப்போது எங்கள் தெருவில் சொல்லாத வாய் இல்லை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல், இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். 2025 மார்ச் 28-இல் 7.7 அளவில் நிலநடுக்கம், மண்டலே, சகாயிங் பக்கம் மூவாயிரத்துக்கும் மேல் பலி.

யுத்தமும் பூமியதிர்ச்சியும் வரும் என்று சொன்ன அதே இடத்தில் இயேசு "ஆனாலும், முடிவு உடனே வராது" என்றும் சொன்னார். அனுப்புகிற செய்தியில் அந்த அரை வரியை வெட்டிவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அங்கேதான்.

ஏனென்றால் தேதி சொல்வதன் விலையைக் கொடுப்பது ஏழைகள். 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரல்ட் கேம்பிங் அறிவித்தார். இங்கே எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தையல் மெஷினை விற்று ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டார். அதை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு. மே 22 காலையில் பிள்ளைகள் பசியோடு எழுந்தார்கள். வாங்கிக்கொண்டவர் திருப்பித் தரவில்லை. சபைப் பெண்கள் சீட்டுப் பணத்தைச் சேர்த்து வேறொரு பழைய மெஷின் வாங்கிக் கொடுத்தோம். தெசலோனிக்கே சபையிலும் கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற வதந்தி கிளம்பியது. அவர்களுக்கு எழுதிய கடிதத்தில்தான் பவுல் 'வேலை செய்யுங்கள், உங்கள் சோற்றைச் சாப்பிடுங்கள்' என்று புத்தி சொல்கிறார்.

அப்படியானால் கிறிஸ்து வந்து ஆளுவார் என்ற வாக்குத்தத்தம் எனக்கு எதற்கு? தாத்தா 1942-இல் நடந்து போனவர், சண்டை முடிந்ததும் திரும்பி வந்து மளிகைக் கடை போட்டார், 1964-இல் அதுவும் போனது. இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் போக, அவர் இங்கேயே இருந்துவிட்டார். அவர் வேதத்தில் ஓரம் கறுத்துப்போன பக்கம் வெளிப்படுத்தல் அல்ல, ஏசாயா 65. புதிய வானம் புதிய பூமியில் மக்கள் வீடு கட்டி அதில் அவர்களே குடியிருப்பார்களாம்; அவர்கள் கட்டுகிறதும் வேறொருவர் குடியிருக்கிறதுமாய் இராது, அவர்கள் நாட்டுகிறதும் வேறொருவர் கனி புசிக்கிறதுமாய் இராது. கடையைப் பூட்டிச் சாவியை அதிகாரியிடம் கொடுத்த மனுஷன் இதை எப்படி வாசித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வெளிப்படுத்தல் 20-இலும் கிறிஸ்துவோடு அரசாளுகிறவர்கள் யார்? சாட்சிக்காகச் சிரச்சேதம் பண்ணப்பட்டவர்கள். நியாயம் கிடைக்காமல் செத்தவர்களுக்கு நியாயம் கிடைக்கும் என்பதுதான் அந்த அதிகாரம். அது எந்த வருஷம் என்று தாத்தா ஒரு நாளும் கேட்டதில்லை. யார் ஆளப்போகிறார் என்பது தெரிந்திருந்தது, அது போதும் என்றிருந்தார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

கடைசியாக 2033. சிலுவைக்கு 2000 வருஷம் என்று அதைச் சொல்கிறார்கள். சிலுவைச் சம்பவம் கி.பி. 30-இலா 33-இலா என்பதிலேயே ஆராய்ச்சியாளர்கள் இன்னும் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். அந்த வருஷத்தைத் திருச்சபைகள் நன்றியோடு கொண்டாடட்டும், அது நல்லதுதான். ஆனால் என் வகுப்பில் ஒரு பையனின் அம்மா, 'கடைசி காலத்தில் இவன் படித்து என்ன செய்யப்போகிறான்' என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் பார்த்தார். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். இப்போது மறுபடியும் போகிறான். கணக்கில் கெட்டிக்காரன், தமிழ் வாசிக்கத்தான் இன்னும் தடுமாறுகிறான். அதற்காகச் சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வருகிறான்.