"வீட்டுக்குப் போகணும்" என்று அம்மா சொல்லும்போது

வணக்கம். அம்மாவுக்கு வயது 78. அல்சைமர் என்ற மறதிநோய் என்று தெரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் ஐந்து மணியானால் "வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவார்" என்று கதவுகிட்டே போய் நிற்கிறார். இதுதான் உன் வீடு, தாத்தா செத்து நாற்பது வருஷமாச்சு என்று சொன்னால், அப்போதுதான் சேதி கேட்டதுபோல அழுகிறார். குளிக்கக் கூப்பிட்டால் அடிக்க வருகிறார். போன வாரம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அன்றிலிருந்து மனசே சரியில்லை. அண்ணனும் தங்கையும் வெளியூரில் இருந்து தினமும் போனில் யோசனை சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஏதாவது தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமா?
— ர.

அன்புள்ள ர.,

மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற பழைய வகை மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைக்கும் என்பதால் பல வீடுகளில் அதைத்தான் கொடுக்கிறார்கள். அல்சைமரில், ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற பொருள் மூளையில் ஏற்கெனவே குறைந்திருக்கும். அதைக் காப்பாற்றத்தான் டோனெபெசில் என்ற மறதிநோய் மாத்திரையைத் தருகிறார்கள். அந்தச் சளி மாத்திரையோ அதே பொருளின் வேலையைத் தடுக்கிறது. ஒரு கையால் ஊற்றி மறு கையால் கவிழ்க்கிற கதை. சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகளும் இப்படித்தான். அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள்.

இன்னொன்று. இந்தக் கலக்கம் மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்ததா, இரண்டு மூன்று நாளில் திடீரென்று கூடியதா? திடீரென்றால் அது மறதிநோய் முற்றியது என்று இருந்துவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, நிமோனியா, புதிதாகச் சேர்த்த மருந்து, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போவதுண்டு. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி ஐந்து மணிக்கு வருவோம். அம்மா கேட்கும் வீடு பெரும்பாலும் ஒரு முகவரி இல்லை. பயமில்லாமல் இருந்த ஒரு காலம். தாத்தா இறந்ததைத் திருத்திச் சொல்வதில் பயனில்லை. சொன்னது மனதில் தங்காது, துக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும். "தாத்தா எப்படிம்மா இருப்பார்? சொல்லேன்" என்று உட்காரவைத்துப் பேசவிடுங்கள். ஐந்து பத்து நிமிஷம் கழித்து, மடிக்க நாலு துணியைக் கையில் கொடுங்கள். அதற்கு முன்னால் சிறுநீர் முட்டுகிறதா, பசிக்கிறதா, எங்காவது வலிக்கிறதா என்று பாருங்கள். பாதி நாள் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். வெளிச்சம் மங்கும் முன்பே, நாலு மணிக்கெல்லாம் விளக்கைப் போட்டுத் திரையை இழுத்துவிடுங்கள். இருட்டிய ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவமே அவருக்கு யாரோ ஒருவர். பகல் தூக்கம் அரை மணிக்குள் இருக்கட்டும். கதவில் ஒரு மணி கட்டுங்கள். ஆனால் உள்ளே தனியாக வைத்துப் பூட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள்.

குளியலில் அம்மாவின் பக்கம் நின்று யோசியுங்கள். யாரோ தன் துணியை அவிழ்க்கிறார்கள், தலையில் தண்ணீர் கொட்டுகிறது, தரையில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரிகிறது. அடிக்காமல் என்ன செய்வார்? சோப்பு, துண்டு, மாற்றுத்துணி எல்லாம் எடுத்துவைத்த பிறகே கூப்பிடுங்கள். "குளிக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "வாம்மா, கால் கழுவிக்கலாம்" போதும். சாய்மானமுள்ள, வழுக்காத நாற்காலியில் உட்காரவைத்துத் தோளைச் சுற்றிப் பெரிய துண்டைப் போர்த்துங்கள். துண்டு நனையட்டும், அதை எடுக்காமல் அடியில் கைவிட்டுத் தேய்க்கலாம். வெந்நீரை உங்கள் முழங்கையில் பார்த்துவிட்டு, பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். ஈரத்துணி ஒன்று அவர் கையிலும் இருக்கட்டும். தன் கையைத் தானே துடைப்பவர் உங்களை அடிப்பது குறையும். முகம் கடைசியில். தலைக்கு வேறொரு நாள். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்துக் கூப்பிடுங்கள். முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு முறை போதும். மற்ற நாளில் முகம், அக்குள், தொடையிடுக்கு துடைத்தால் சரி. தினமும் குளிப்பாட்டியே தீருவேன் என்று நிற்பதால்தான் பாதிச் சண்டை.

கத்தியதைப் பற்றி: இருபத்துநாலு மணி நேரமும் ஒரே ஆள் பார்த்தால் யாராக இருந்தாலும் ஒருநாள் கத்துவார்கள். கோபம் தலைக்கேறும்போது அம்மாவைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் படிவம் என்று ஒன்று உண்டு. 22 கேள்வி, மொத்தம் 88 மதிப்பெண். அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் கேட்டு உங்களுக்காக நிரப்புங்கள். அப்போது மருத்துவரால் அம்மாவை மட்டும் விசாரித்து அனுப்பிவிட முடியாது.

உடன்பிறந்தவர்களிடம் "கொஞ்சம் உதவுங்க" என்று கேட்காதீர்கள், அதற்கு யோசனைதான் பதிலாக வரும். வேலையைப் பெயர்போட்டுப் பிரியுங்கள். மருந்து வாங்குவதும் பில் கட்டுவதும் அண்ணனுக்கு. அதை எங்கிருந்தும் செய்யலாம். மாதத்தில் நான்கு நாள் வந்து தங்குவது தங்கைக்கு. தேதியை இப்போதே குறியுங்கள். வாரத்துக்கு இரண்டு அரைநாள் ஓர் உதவியாளர், செலவு மூவருக்கும். வரும் ஆளிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: அம்மாவை எப்படிக் கூப்பிட வேண்டும், எத்தனை மணிக்கு டாய்லெட், எந்தப் பேச்சு எடுத்தால் கலங்குவார். முதல் மூன்று முறை நீங்களும் வீட்டில் இருங்கள், நாலாவது முறை கிளம்பிவிடுங்கள். கிளம்பிய பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் செய்தால் அது ஓய்வில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்: மணி, கலக்கத்துக்கு முன்னால் என்ன நடந்தது, அம்மா என்ன செய்தார், எதற்கு அடங்கினார். அடுத்த கடிதத்தில் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று சொல்லுங்கள்.