ஆக்சில் பூட் கிழிந்தால்: பழைய கார்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

15 வருடப் பழைய மாருதி ஆல்டோ. முன் டயரின் உள்பக்க ரிம்மில் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறது. ஓட்டத்தில் குறை எதுவும் தெரியவில்லை. ஆக்சில் ஜாயின்டை (மூட்டை) மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் மட்டும் மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதும், ஆனால் உடனே மாற்ற வேண்டும். கிழிசல் வழியே கிரீஸ் வெளியேறுவது பாதி பிரச்சினைதான். அதே வழியில் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். மீதியிருக்கும் கிரீஸை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ஜாயின்ட் தப்பித்தது. நறநறவென்றாலோ, துருநிறம் கலந்திருந்தாலோ சந்தேகம்தான்.

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக்' என்று கேட்டால் சக்கரப் பக்கத்து வெளி ஜாயின்டில் குண்டுகள் ஓடும் தடம் தேய்ந்துவிட்டது. அதற்குப் புது பூட் போடுவது வீண் செலவு; ஜாயின்டையோ முழு ஆக்சிலையோ மாற்றுங்கள். நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டர் மிதித்தால் மட்டும் வண்டி அதிர்கிறதா? அப்படியென்றால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்டைப் பாருங்கள்.

வீட்டிலேயே கழற்ற முடியுமா? எந்த வரிசையில்?

முடியும். முதலில் ஹப் நட்டின் (சக்கரத்தின் நடுவில் ஆக்சில் முனையைப் பிடிக்கும் நட்) மடக்கிய விளிம்பை நிமிர்த்துங்கள் (காட்டர் பின் இருந்தால் அதை உருவுங்கள்). சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நட்டைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு அந்த நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரியக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடவே கூடாது.

பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்ம் பால் ஜாயின்டை நக்கிளிலிருந்து (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) விடுவித்து, ஹப்பை வெளிப்பக்கம் இழுத்தால் ஷாஃப்ட் முனை வெளியே வரும். இறுகியிருந்தால் நட்டை முனை மட்டத்துக்குத் திருகி வைத்து, மரக்கட்டையை இடையில் கொடுத்துத் தட்டுங்கள். நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்முனையை கியர்பாக்ஸிலிருந்து நெம்பி எடுத்தால் ஆயில் வழியும். முன்பே வடித்துவிடுவது நல்லது.

ஆக்சில் இல்லாத நிலையில் காரை உருட்டாதீர்கள். ஹப் பேரிங் அந்த நட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. எடையோடு உருட்டினால் பேரிங் கெடும்.

வெளி ஜாயின்டை அடித்து அடித்துப் பார்த்தும் கழலவில்லையே?

அடிப்பதை நிறுத்துங்கள். பல கார்களில் வெளி ஜாயின்ட் ஒரு சர்க்லிப்பில் (பள்ளத்தில் உட்காரும் கம்பி வளையம்) நிற்கும். பித்தளைக் கம்பியை உள்வளையத்தில் வைத்துத் தட்டினால் வந்துவிடும். ஆனால் சுசுகி வகை ஆக்சில்கள் பலவற்றில் வெளி ஜாயின்ட் பிரிப்பதற்கானதல்ல. அவற்றில் வெளிப் பூட்டையும் உள்முனை வழியாகத்தான் மாற்ற வேண்டும்.

உள் ஜாயின்ட் மூன்று உருளைகள் கொண்ட டிரைபாட் ஆகவோ, ஆறு குண்டு வகையாகவோ இருக்கும். எதுவானாலும் பிரிப்பதற்கு முன் கப் (ஜாயின்டின் வெளிக்கூடு), ஷாஃப்ட், நடுப்பாகம் மூன்றிலும் பெயின்டால் நேர்க்கோடு போடுங்கள். உளி போன்ற 'பஞ்ச்' கருவியால் குத்திக் குறி போட வேண்டாம். எந்த முகம் வெளியே பார்த்தது என்பதற்கு ஒரு போட்டோவும் இருக்கட்டும். சர்க்லிப்பை எடுத்து நடுப்பாகத்தை உருவினால் இரண்டு பூட்டும் அந்த வழியே வரும். ஷாஃப்ட் பற்களில் டேப் சுற்றிய பிறகே புது பூட்டை நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பரில் முதல் கீறல் உங்கள் கையாலேயே விழும். சர்க்லிப் புதியதாக இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் வீல் பேரிங் கிரீஸை அடைக்கலாமா?

வேண்டாம். இந்த ஜாயின்ட்டில் குண்டுகள் தடத்தில் உருள்வதோடு சறுக்கவும் செய்யும். அதற்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கறுப்பு சிவி (ஆக்சில் ஜாயின்ட்) கிரீஸ் தேவை. கிட்டில் வரும் பாக்கெட்டை முழுவதும் பயன்படுத்துங்கள்: பெரும்பகுதி குண்டுகளுக்கிடையே, மீதி பூட்டுக்குள். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினால் ஒரு சொட்டுகூட மிஞ்சாமல் உலர்த்த வேண்டும். பிரிக்க முடியாத ஜாயின்டைத் துணியால் துடைத்து, புது கிரீஸை அழுத்திப் பழையதை வெளியே தள்ளினால் போதும்.

புது பூட் ஆறே மாதத்தில் கிழிந்துவிட்டது. ரப்பர் மட்டமா?

இருக்கலாம். ஆனால் முதலில் பொருத்திய விதத்தைச் சந்தேகப்படுங்கள். கிளாம்ப் இறுக்கும் முன் பூட்டின் சிறிய வாயில் மழுங்கிய ஸ்குரூடிரைவரை நுழைத்து உள்காற்றைச் சமன் செய்ய வேண்டும். இதை விட்டால் பூட் ஊதியோ, உள்ளே உறிஞ்சப்பட்டோ நிற்கும். மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயும். பூட்டின் விளிம்பு ஷாஃப்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், முறுக்கும் இருக்கக் கூடாது. பட்டை கிளாம்பின் மடித்த நுனி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசைக்கு எதிராகப் படுத்திருக்க வேண்டும்.

கேபிள் டை போட்டிருந்தால் காரணம் அதுவேதான். சூட்டில் தளர்ந்து, கிரீஸைக் கக்கவிடும்.

கழற்றாமலே ஒட்டும் இரண்டு துண்டுப் பூட்?

ஊர் போய்ச் சேர உதவும். ஒட்டும் விளிம்பில் துளி கிரீஸ் பட்டாலும் பசை பிடிக்காது.

மாட்டி முடித்ததும் என்ன பார்க்க வேண்டும்?

உள்முனை 'கிளிக்' என்று உட்கார்ந்ததா என்று கையால் இழுத்துப் பாருங்கள். ஹப் நட்டைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, விளிம்பை மடக்குங்கள். வடித்த கியர் ஆயிலை ஊற்றி அளவு பாருங்கள். சில நாள் ஓட்டிய பிறகு இரண்டு கிளாம்ப் ஓரத்திலும் கிரீஸ் கசிவும், கியர்பாக்ஸ் சீலில் ஆயில் கசிவும் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.