வேலையை விட்டுட்டு நாவல் எழுதலாமா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 28, ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன், சேர்ந்து நாலரை வருஷம் ஆச்சு, கைக்கு 34 ஆயிரம் வருது. காலேஜ்லருந்து கவிதை எழுதுறேன், ரெண்டு கதை சிறுபத்திரிகையில வந்திருக்கு. எங்க பக்கத்து மாங்கூழ் ஃபேக்டரி பொம்பளைங்களைப் பத்தி ஒரு நாவல் எழுதணும்னு மனசு கெடந்து தவிக்குது, ஆனா ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா பேனா எடுக்கத் தெம்பில்ல. வேலைய விட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு முடிவு பண்ணிட்டேன். அப்பா மாந்தோப்பு குத்தகை எடுக்கறவர், விஷயம் தெரிஞ்சதுலருந்து என்கிட்ட பேசறதே இல்ல. தங்கச்சி கல்யாணக் கடன் மாசம் 9 ஆயிரம் கட்டணும். என்னோட ரெண்டு கதையையும் இதோட அனுப்பியிருக்கேன். நான் செய்யறது சரியா?

பதில்: தம்பி, ரெண்டு கதையையும் உக்காந்து படிச்சேன். ரெண்டாவது கதையில அந்த அம்மா ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி மணிக்கட்டுலருந்து முழங்கை வரைக்கும் தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக்கறா, மாங்காப் பால் பட்டா தோல் வெந்துடும்னு, அப்புறம் மிச்ச எண்ணெய மகளோட தலையில தடவி விடறா, அந்த இடத்த மூணு தடவ படிச்சேன், இதைக் கேள்விப்பட்டு எழுத முடியாது, பக்கத்துல நின்னு பார்த்தவங்கதான் எழுத முடியும். உங்களுக்கு எழுத வரும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதே கதையோட கடைசி மூணு பக்கம் சவசவன்னு போயிடுச்சு, சூப்பர்வைசர் வந்து நிக்கறான், அந்த அம்மா வசனமா பேசுது, கதை முடிஞ்சிடுது. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து, இன்னைக்கே முடிச்சுடணும்னு எழுதின பக்கம்னு பார்த்தாலே தெரியுது.

அதனால உங்க பிரச்சினை நிஜம்தான், சாக்கு இல்ல. ஆனா எழுத்தைத் தின்னுறது அந்த வேலையா இல்ல பஸ்ஸும் ஷிஃப்டுமான்னு கொஞ்சம் யோசிங்க. காவேரிப்பட்டணத்துலருந்து ஓசூர் போயி வர்றதுக்கு எப்படியும் மூணு மணி நேரம் போயிடும், அதுல வாராவாரம் ஷிஃப்ட் மாறினா உடம்பு எந்த நேரத்துக்கும் பழகாது, கவிதைன்னா பஸ் ஜன்னலோரத்துல கூட வந்துடும், நாலு வரிய போன்ல டைப் பண்ணி வச்சுக்கலாம், நாவல் அப்படி வராது, அதுக்கு தினமும் ஒரே நேரத்துல உக்காரணும், நேத்து விட்ட இடம் மனசுல ஈரமா இருக்கணும். ஜெனரல் ஷிஃப்ட், அதாவது வாராவாரம் மாறாத பகல் ஷிஃப்ட், கேட்டுப் பாருங்க. இல்லன்னா போச்சம்பள்ளி, பர்கூர், குருபரப்பள்ளி பக்கமெல்லாம் இப்ப கம்பெனிங்க வந்திருக்கு, குவாலிட்டி அனுபவத்தோட போனா அஞ்சாயிரம் குறைச்சுக் குடுத்தாலும் ஏத்துக்கங்க, அந்த அஞ்சாயிரத்துக்கு தினமும் ரெண்டு மணி நேரம் வாங்கறீங்கன்னு வச்சுக்கங்க. ரிசைன் லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இதுதான்னு நான் உறுதியா சொல்வேன்.

காசு விஷயத்தையும் பச்சையா சொல்லிடறேன். தமிழ்ல ராயல்டி, அதாவது புத்தக விலையில எழுத்தாளருக்கு வர்ற பங்கு, வழக்கமா 10 சதவீதம். புத்தகம் 250 ரூபான்னா ஒரு பிரதிக்கு உங்களுக்கு 25 ரூபா, முதல் நாவல் 300 பிரதி வித்தா 7,500 ரூபா, அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவ கணக்குப் பார்த்துத்தான் கைக்கு வரும். ரெண்டு வருஷம் உயிரைக் குடுத்து எழுதின நாவல் உங்க ஒரு மாசக் கடன் தவணைக்குக் கூட பத்தாது. சிறுபத்திரிகைங்க பெரும்பாலும் காசு தர்றதில்ல, தர முடியற நிலையிலயும் அவங்க இல்ல. சாகித்ய அகாடமி இளம் எழுத்தாளர்களுக்குக் குடுக்கற யுவ புரஸ்கார் விருது 50 ஆயிரம், 35 வயசு வரைக்கும் தகுதி உண்டு, உங்களுக்கு இன்னும் காலம் இருக்கு, ஆனா விருதை நம்பி யாராவது குடும்பம் நடத்த முடியுமா.

இன்னொண்ணு, நாலரை வருஷம்னு எழுதியிருக்கீங்க. பர்மனென்ட் வேலைன்னா வழக்கமா அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் கிராஜுவிட்டி, அதாவது வேலைய விடும்போது கம்பெனி மொத்தமா குடுக்கற தொகை. கடைசியா வாங்கற பேசிக்கும் பஞ்சப்படியும் (டிஏ) சேர்த்து 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி அதை சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும், பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 17 ஆயிரம்னா அஞ்சு வருஷத்துக்கு சுமாரா 49 ஆயிரம் வரும். அஞ்சு மாசத்துக்கு மேல கடன் கட்டலாம். கம்பெனி மாறறதா இருந்தாலும் இந்த ஆறு மாசத்த ஓட்டிட்டு மாறுங்க, அதுவரைக்கும் ஜெனரல் ஷிஃப்டுக்கு முட்டி மோதிப் பாருங்க. கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மா பேர் இருந்தா வேலையோட அதுவும் போயிடும்ங்கறதையும் மறந்துடாதீங்க.

வேலையில இருந்தா எழுத்தாளன் ஆக முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வண்ணதாசன் ஸ்டேட் பேங்க்ல வேலை பார்த்துக்கிட்டே அந்தப் பேர்ல கதையும் கல்யாண்ஜிங்கற பேர்ல கவிதையும் எழுதினவர். இமையம் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்துக்கிட்டே எழுதினவர். ஜெயமோகன் தொண்ணூறுகள்ல உங்க பக்கத்து ஊரு தருமபுரியில தொலைபேசித் துறையில இருந்தவர், 1997ல வந்த விஷ்ணுபுரம் அவர் அரசு வேலையில இருக்கும்போதே எழுதின நாவல். விட்டுட்டு வந்தவங்களும் இருக்காங்க, அசோகமித்திரன் 1966ல ஜெமினி ஸ்டுடியோவ விட்டு வெளிய வந்து முழுநேரமா எழுதினார், ஆனா அதுக்கு முன்னாடி பத்து வருஷத்துக்கு மேல அங்க இருந்திருக்கார், அந்த சினிமா உலகம்தான் பின்னாடி அவருக்கு நாவலாச்சு. ஓசூர் ஷாப் ஃப்ளோர்ல நீங்க இருந்த வருஷங்களும் வீண் இல்ல, ஒரு மெஷின் பக்கத்துல எட்டு மணி நேரம் நின்னா மனுஷனுக்கு என்ன ஆகும்னு உங்களுக்கு உடம்பால தெரியும், கூழ் ஃபேக்டரி பொம்பளைங்கள எழுத அது கட்டாயம் வேணும்.

உங்க மண்ணு அதியமான் ஆண்ட தகடூர் மண்ணு, அதனால இதையும் சொல்லணும்னு தோணுது. அதியமான் பரிசில் தர நாள் கடத்தினப்ப ஔவை வாயில்காவலன்கிட்ட, யாழையும் பையையும் கட்டியாச்சு, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே"ன்னு பாடிட்டுக் கெளம்பறா, புறநானூறு 206. ஒரு ராஜா வாசல்ல நின்னு அப்படிப் பேசற தைரியம் எங்கருந்து வந்துச்சுன்னா, கோடாலியோட காட்டுக்குப் போற தச்சன் பசங்க மாதிரி எங்களுக்கும் கைத்தொழில் தெரியும்னு அதே பாட்டுல சொல்றா. இன்னைக்கு உங்களுக்கு அதியமானும் கிடையாது, எந்தத் திசையில போனாலும் கவிதைக்குச் சோறும் கிடையாது. யார்கிட்டயும் பல்லிளிக்காம, பத்திரிகைக்குப் பிடிக்குமா பதிப்பாளருக்குப் பிடிக்குமான்னு பார்க்காம எழுதற சுதந்திரத்த இப்போதைக்கு உங்களுக்குத் தர்றது மாசா மாசம் வர்ற அந்தச் சம்பளம்தான், அதை அடிமைத்தனம்னு நினைக்காதீங்க.

நாவல் அச்சுக்குப் போற நாள் கண்டிப்பா வரும், அதுக்காக ஒரு வார்த்தை. புத்தகம் போட உங்ககிட்டயே காசு கேட்டா எழுந்து வந்துடுங்க. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், எத்தனை வருஷத்துக்கு உரிமை தர்றீங்கன்னு அதுல போட்டிருக்கணும், போடலன்னா காப்புரிமைச் சட்டப்படி அஞ்சு வருஷம்தான். நிரந்தரமா தர்றேன்னு எழுதிக் கேட்டா கையெழுத்துப் போடாதீங்க, உங்க எழுத்தோட காப்புரிமை உங்க காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் இருக்கும், அது உங்க பிள்ளைங்களுக்குச் சேர வேண்டியது.

அப்பா பேசலன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் என்னை ரொம்ப உறுத்துச்சு. அவர் எழுத்துக்கு எதிரி இல்ல தம்பி. பூ பார்த்துக் குத்தகைக் காசு குடுத்துட்டு, பனியிலயோ காத்துலயோ பூவெல்லாம் கொட்டிப் போன வருஷத்தப் பார்த்தவர் அவர், காய் நல்லா பிடிச்ச வருஷம் ஃபேக்டரிக்காரங்க பெங்களூரா மாங்காய்க்கு கிலோவுக்கு என்ன ரேட் சொல்றாங்களோ அதுக்குக் குடுத்துட்டு வந்தவர், நிச்சயமில்லாத வருமானம்னா என்னன்னு உங்களையும் என்னையும் விட அவருக்குத் தெரியும். மகனாவது மாசம் பொறந்தா காசு பார்க்கறான்னு நிம்மதியா இருந்திருப்பார். சமாதானம் பேசறேன்னு போகாதீங்க, நாவலுக்கு வேணும்னு போயி கேளுங்க, குத்தகை எப்படிப் பேசுவாங்க, மண்டியில கமிஷன் எவ்வளவு பிடிப்பாங்க, லோடு ஃபேக்டரி கேட்ல எத்தனை மணி நேரம் காத்துக் கெடக்கும், கழிச்சுப் போட்ட காய என்ன பண்ணுவாங்க. அவர் சொல்லாம உங்க நாவல்ல பாதி எழுத முடியாது. கேக்க ஆரம்பிச்சா அவரே பேசுவார்னு நினைக்கறேன்.

சேர்த்து வச்ச லீவு எல்லாத்தையும் மே, ஜூன் சீசனுக்கு வச்சுக்கங்க, பத்தலன்னா ரெண்டு வாரம் சம்பளமில்லாத லீவு கேளுங்க, அந்த நாள்ல ஃபேக்டரி பொம்பளைங்களோட ஷேர் ஆட்டோவுல போயி வாங்க, பேட்டி எடுக்கற மாதிரி நோட்ட நீட்டாம சும்மா கூட இருங்க. முதல் டிராஃப்ட் முழுசா முடிஞ்சு, கடன் அடைஞ்சு, ஒரு வருஷச் செலவுக்குப் பணம் பேங்க்ல இருந்தா அப்ப வேலைய விடறதப் பத்தித் தாராளமா பேசலாம், நானே விடுங்கன்னு சொன்னாலும் சொல்வேன். இப்போதைக்கு அந்த ரெண்டாவது கதையோட கடைசி மூணு பக்கத்த மட்டும் திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்க, சூப்பர்வைசர் வரவே வேண்டாம்.