ஐயாவுக்குப் பின்னால் நிற்கும் மலை எந்த ஊர் மலை?

கேள்வி: காரைக்குடி வீட்டுப் பெட்டகத்தில் ஐயாவின் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. பின்னால் சுவர் மாதிரி ஒரு மலை, உச்சியில் புதர், நடுவில் வெள்ளைத் திட்டுகள், அடியில் தண்ணீர். திருமயம் என்கிறார் அப்பச்சி. நார்த்தாமலை என்கிறார் ஆத்தா. எப்படி உறுதி செய்வது?

பதில்: இரண்டும் இல்லை. திருமயமும் நார்த்தாமலையும் கருங்கல். கருங்கல் வெங்காயச் சருகு போல உரிந்து உரிந்து, யானை முதுகாக வளைந்து நிற்கும். மழைநீர் வடிந்த கறுப்புக் கோடுகளும் தெரியும். உங்கள் படத்தில் இருப்பது நட்டுக்குத்தலான மலை, அதாவது சுண்ணாம்புக்கல். கரியமில வாயு கலந்த மழைநீர் செங்குத்து வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைக்கும்; பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அப்படிப் பெயர்ந்த புது முகம்தான் அந்த வெள்ளைத் திட்டு. நாள்பட்ட பரப்பு சாம்பல் நிறமாகிவிடும். லென்ஸை வைத்து மலையின் அடியைப் பாருங்கள். தண்ணீர் அரித்து உள்வாங்கி, மேலே தாழ்வாரம் போல நீண்டு, ஆலவிழுது மாதிரி கல் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

செட்டிநாட்டைச் சுற்றிச் செம்பாறையும் கருங்கல்லும்தான். இந்த மாதிரி மலை இங்கே கிடையாது. இலங்கையையும் தள்ளிவிடலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தட்டையாகக் கிடக்கும், மலையாக எழும்பாது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர்களில் முக்கியமாக மிஞ்சுவது இரண்டு: மலாயாவில் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கு, பர்மாவில் மோல்மீன், பா-ஆன் பக்கம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டு இடத்திலும் கல் ஒரே சாயல். பாறையை உற்று உற்றுப் பார்த்தாலும் ஊர் தெரியாது, மனிதன் கட்டியதைத்தான் தேட வேண்டும். சின்னக் கூம்புப் பாறையின் உச்சியில்கூடப் புத்தர் கோபுரம் இருந்தால் பர்மா. வெள்ளை மணல்மேடு, குட்டை, மரக்கால்களின் மேல் சாய்வாக ஓடும் நீண்ட மரவாய்க்கால் இருந்தால் கிந்தாவின் ஈயச் சுரங்கம். அந்த வாய்க்காலைப் 'பாலோங்' என்பார்கள். குகைக்கு ஏறும் படிக்கட்டு தெரிந்தால் கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலையாகவும் இருக்கலாம். அங்கே கான்கிரீட் படி 1940இல் வந்தது, அதற்கு முன் மரப்படி.

சிறிய படமென்றால் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், 600 போதாது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், அப்படியே ஸ்கேன் ஆகட்டும். அடுத்து ஐயாவின் சட்டையைக் கவனியுங்கள். ஆண் சட்டையில் அணிந்தவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரும். மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொண்டு தேடுங்கள்.

கூகுள் எர்த்தில் மலை மொழுக்கென்று தெரிந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். உயரத் தரவு செங்குத்து முகங்களை மழுங்கடித்துவிடும். தரைமட்டப் புகைப்படங்களோடு ஒப்பிடுவதே மேல். ஒரே மலையின் விளிம்பை நம்ப வேண்டாம். ஈப்போ பக்கம் பல மலைகளைக் கல்லுக்காக வெட்டிவிட்டார்கள், உருவம் மாறியிருக்கும். முன்மலை பின்மலையை எந்த இடத்தில் மறைக்கிறது என்று பாருங்கள். அது பொருந்தினால் ஐயா நின்ற இடமே கிட்டத்தட்ட அகப்பட்டுவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் படத்தின் முதுகைப் பாருங்கள். இருட்டறையில் டார்ச்சைக் காகிதத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், அழிந்த பென்சில் எழுத்தின் பள்ளம் நிழலாக எழும்பும். அதே பெட்டகத்தில் உள்ள கடித உறைகளின் தபால் முத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.