ஒத்திக் கெடு முடிந்தால் நிலம் போய்விடுமா?

வணக்கம் ஐயா. திருத்துறைப்பூண்டி பக்கம் உங்கள் அப்பா 1990-ல் மூன்று மா நஞ்சையை ஐந்து வருட ஒத்திக்குக் கொடுத்தார், கெடு தாண்டி முப்பது வருஷம் ஆனதால் நிலம் தனக்கே என்று ஒத்திக்காரர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள்.

நம் ஊர்ப் பேச்சில் ஒத்தி என்றால் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு நிலத்தையோ வீட்டையோ விடுவது. கெடு போனால் பொருளும் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தில் அது அடமானம்தான். விளைகிற நெல் வட்டிக்குச் சரி, அசலைக் கொடுத்தால் நிலம் திரும்ப வேண்டும். இப்படி நிலத்தையே பணம் கொடுத்தவர் கையில் விடுகிற சுவாதீன அடமானத்தை மீட்க, கெடு முடிந்த நாளிலிருந்து காலவரம்பு ஓடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் உழுதேன் என்பது மட்டும் அவரைச் சொந்தக்காரர் ஆக்காது.

ஆனால் பத்திரத்தின் வாசகம் முக்கியம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கி வரி வரியாகப் படியுங்கள். மேலுக்குக் கிரயம் போல எழுதி, பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவதாக இருந்தால் அது வேறு வகை. அதை மீட்க 30 வருஷக் காலவரம்பு உண்டு, அப்படியானால் உடனே வக்கீலைப் பாருங்கள். வில்லங்கமும் போட்டுப் பாருங்கள், இடையில் அப்பா கிரயம் எழுதிக் கொடுத்திருந்தால் கதையே வேறு.

எல்லாம் சரியாக இருந்து அவர் பணத்தை வாங்க மறுத்தால், அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் கட்டலாம். வாங்கிக்கொண்டால், அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல் ரசீதைப் பதிவு செய்துவிடுங்கள்.