காகிதமா, பிடிஎஃப்பா? முதலில் இன்ஜின் நம்பரைப் பாருங்கள்

கேள்வி: பெரியப்பா வைத்திருந்த 1964 மாடல் மோரிஸ் மைனர் 1000 கார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சின்னச் சின்ன வேலைகளை நானே செய்து பழக ஆசை. என் மகள் ஒர்க்ஷாப் மேனுவலை பிடிஎஃப்பாக டேப்லெட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, “இதுக்கு மேல புத்தகம் எதுக்குப்பா?” என்கிறாள். எனக்கென்னவோ காகிதம் கையில் இருந்தால்தான் தைரியம் வருகிறது. பழைய ஒரிஜினல் பிரதி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

பதில்: உங்கள் கட்சியா மகள் கட்சியா என்று கேட்டால் பாதிக்குப் பாதி இரண்டு பக்கமும்தான். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேருமே பார்க்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த பிடிஎஃப்பும் விலைக்கு வந்த புத்தகமும் உங்கள் வண்டிக்கானவைதானா?

மோரிஸ் மைனர் என்பது பெயர்தான் ஒன்று. 1948இல் 918 சிசி சைடு வால்வு இன்ஜினோடு வந்தது, 1952இல் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098 என்று வயிற்றுக்குள் இருப்பது மாறிக்கொண்டே போனது. 1098 வந்தபோது முன் சக்கர பிரேக் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலம் ஆகிவிட்டது. உங்களுடையது 1964 என்பதால் 1098ஆக இருக்க வேண்டும், “வேண்டும்” என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் இவ்வளவு வருடத்தில் யாராவது வேறு இன்ஜினை ஏற்றியிருக்கலாம். இன்ஜின் பிளாக்கில் இருக்கும் நம்பரைத் துடைத்துப் பாருங்கள். 1098 என்றால் 10எம்ஏ என்று தொடங்கும், 948 என்றால் 9எம். அந்த இன்ஜின் எந்தப் பதிப்பில் இருக்கிறதோ அதுதான் உங்கள் புத்தகம். இது சரியாக இல்லாவிட்டால் காகிதமாக இருந்தாலும் பிடிஎஃப்பாக இருந்தாலும் ஒன்றுதான், தவறான எண்ணைத் தைரியமாக நம்பி வேலை செய்வீர்கள், அவ்வளவே.

சரி, பதிப்பு பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பானெட்டைத் திறந்து வேலை செய்யும் இடத்தில் நான் காகிதத்தின் பக்கம், காரணம் ஒரு சொந்த அவமானம். ஒருமுறை வேறொரு பழைய வண்டியில் மேனிஃபோல்ட் நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தேன், டார்க் அட்டவணை, அதாவது எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற பட்டியல், போனில். எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் எண்கள் இருக்கும் பக்கமாக ஜூம் செய்தேன், இடதுபக்கம் இருந்த பெயர் வரிசை திரைக்கு வெளியே போய்விட்டது. நான் படித்தது ஒரு வரி மேலே இருந்த சிலிண்டர் ஹெட் நட்டுக்கான எண். இறுக்கம் அந்த எண்ணைத் தொட்டதும் ரென்ச் ‘கிளிக்’ என்று சொல்ல வேண்டும், அதற்குள் நட்டு ஏறியிருந்த மரைத் தண்டு, அதாவது ஸ்டட், ‘டக்’ என்று உடைந்தது. உடைந்த துண்டைத் துளைபோட்டு எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது. அதே அட்டவணை தாளில் இருந்திருந்தால் ஒரு ஸ்கேலை வரியின் கீழே வைத்துப் படித்திருப்பேன்.

கிரீஸ் கையால் தொட்டால் திரை சொன்னபடி கேட்காது, கையுறை போட்டிருந்தாலும் பெரும்பாலும் அதே கதை. இரண்டு கையிலும் பாகத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைப் பார்க்கத் தலையைத் திருப்பும் நேரம் பார்த்து திரை அணைந்து போகும்.

வயரிங் படம்தான் ஸ்கேனின் பெரிய பலவீனம். ஒரிஜினலில் மடித்து வைத்திருக்கும் நீளத் தாளை ஸ்கேன் செய்பவர் இரண்டு துண்டாக எடுத்திருப்பார், நடு மடிப்பில் பத்து வயர் காணாமல் போயிருக்கும். அந்தக் கால லூகாஸ் கம்பெனி வயரிங்கில் நிறங்களை எழுத்தால் குறிப்பார்கள். பி (B) என்றால் கறுப்பு, பழுப்புக்கு என் (N), நீலத்துக்கு யு (U), பச்சைக்கு ஜி (G). இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது வயரின் நிறம், இரண்டாவது அதன்மேல் ஓடும் கோட்டின் நிறம். மங்கிய ஸ்கேனில் பி எது, ஜி எது என்று குழம்பினால் கறுப்பு எர்த் வயரைத் தேடிப் போய் பச்சையில் கை வைப்பீர்கள்.

மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாகங்கள் பிரித்துப் போட்ட படங்களைப் பெரிதாக்கி எந்த வாஷர் எதற்கு முன்னால் என்று பார்க்க, நல்ல ஸ்கேனுக்கு இணை இல்லை. பாகங்களின் பட்டியல் புத்தகத்தைக் காகிதத்தில் வாங்கவே வேண்டாம், அதில் நம்பரைத் தேடுவதுதான் வேலை, அதற்கு பிடிஎஃப்தான் சரி. ஆனால் உங்களிடம் இருப்பது வெறும் படமா, தேடினால் எழுத்து கிடைக்கிறதா என்று பாருங்கள். தேட முடிந்தாலும் எண்களை அப்படியே நம்பாதீர்கள். எழுத்தாக மாற்றும் மென்பொருள் புள்ளியை விழுங்கும், ஸ்கேனில் 8 என்பதும் 3 என்பதும் அண்ணன் தம்பி.

ஆகவே ஒரிஜினல் பிரதிக்குப் பணம் கொட்ட வேண்டாம் என்பேன், அதன்மேல் எண்ணெய்க் கறை பட்டால் உங்களுக்கே மனசு தாங்காது, அலமாரியிலேயே இருந்துவிடும். மறுபதிப்பு ஒன்று வாங்குங்கள், அழுக்காகட்டும். அது கிடைக்கும்வரை அன்றைய வேலைக்கான நாலு பக்கத்தை பிடிஎஃப்பிலிருந்து அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபெண்டர்மேல் வையுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஹெட் நட்டுக்கு 40 பவுண்டு-அடி என்று இருக்கும், உங்கள் ரென்ச் நியூட்டன் மீட்டரில் இருந்தால் பக்கத்திலேயே 54 என்று எழுதிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், மேனுவல் எந்த வடிவில் இருந்தாலும் அது எழுதப்பட்ட காலத்துப் பேச்சைத்தான் பேசும். பிரேக் டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதச் சொல்லும் பழைய மேனுவல்கள் உண்டு. அன்றைய பிரேக் லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தத் தூசியை ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து மூடிய பையில் போடுங்கள். கியர்பாக்ஸில் இன்ஜின் ஆயிலை ஊற்றச் சொன்னால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள், மைனருக்கு அதுதான் சரி.

இன்னொன்று, அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து பாசிட்டிவ் எர்த்தாக வந்தது, அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும், மேனுவலும் அப்படித்தான் காட்டும். பெரியப்பா பழைய டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) போட்டு அதை மாற்றியிருந்தால் எந்தப் புத்தகத்துக்கும் அது தெரியாது. பேட்டரியைக் கழற்றும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மகளின் டேப்லெட் போதும்.