மஞ்சளாய்ப் பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணியா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் 20 சென்ட் மணல் நிலம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணித் தண்டு வாங்கி நட்டேன். ஐந்து மாதத்தில் தரை தெரியாமல் படர்ந்துவிட்டது. ஆனால் நாட்டு மருந்துக் கடைக்காரர் இலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார். உப்பில் இலை தடித்துவிட்டது, ஜிப்சம் போட்டால் சரியாகும் என்று நர்சரிக்காரர் சொல்கிறார். எத்தனை மூட்டை போடலாம் ஐயா? மண் பரிசோதனையில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன் 5.2, பி.எச். 7.9. படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஒரு மூட்டைகூட வேண்டாம்.

உங்கள் மண் உவர், களர் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியே நம் ஊரில் பாதி ஜிப்சம் விற்கிறது. களரில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பி.எச். 8.5-ஐத் தாண்டும். ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தை விலக்கிவிடும், அப்புறம் தண்ணீர் கட்டி வடித்தால் வெளியேறும். உவரில் உப்பு சும்மா கரைந்து நிற்கிறது. அதில் ஜிப்சம் போடுவது உப்புக் குழம்பில் இன்னொரு கை உப்பு அள்ளிப் போடுவதுதான், ஏனென்றால் ஜிப்சமும் ஓர் உப்பு. பரிசோதனைத் தாளைப் பார்க்காமல் மூட்டைக் கணக்குச் சொல்லும் உரக்கடைக்காரரிடம் நான் ஒரு முழம் கயிறுகூட வாங்க மாட்டேன். உவரைப் போக்க மழைத் தண்ணீரும் வடிகாலும்தான் வேண்டும். உங்களுடையது மணல் நிலம், அது உங்கள் அதிர்ஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்புயர்த்தி நிறுத்தி, கீழே இறங்க விடுங்கள். மழைக்கு முன் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு நாலு கிலோ விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுங்கள்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உப்புத் தண்ணீரில் இத்தனை செழிப்பா என்று கடிதத்தைப் படிக்கும்போதே சந்தேகம் வந்தது, படம் உறுதிசெய்துவிட்டது. இலை பளபளப்பாக, சதைப்பற்றோடு, மூன்று மடலாகப் பிரிந்திருக்கிறது. இது கரிசலாங்கண்ணி அல்ல. சென்னையில் அடுக்குமாடி வாசல்களில் புல்லுக்குப் பதில் படர விடுகிறார்களே, அந்த வெடேலியா. சொந்த ஊர் அமெரிக்க வெப்பமண்டலம், ஆனால் ஆஸ்திரேலியாவில் சிங்கப்பூர் டெய்சி என்கிறார்கள்! உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. உப்பு இலையைத் தடிக்க வைக்கவில்லை. அதன் இலையே அப்படித்தான்.

வள்ளலார் போற்றிய கரிசாலையின், அதாவது கரிசலாங்கண்ணியின், மஞ்சள் வகைக்கு இலை ஒடுக்கமாக நீண்டிருக்கும், மடல் பிரியாது, தடவினால் சொரசொரக்கும். நல்ல தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் தானாக வளரும் செடி அது. பூ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால்தான் ஏமாற்றுவது எளிதாகிறது. மருந்துக் கடைக்காரர் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார். பணத்தை நர்சரியில் திருப்பிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

உழவுக்கு முன் இந்த வெடேலியாவை அகற்றிவிட வேண்டும். அதற்கு ரோட்டவேட்டர் மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு கணுவும் வேர் விடும். நூறு துண்டாக நறுக்கினால் நூறு செடி. மண் ஈரமாக இருக்கும்போது கையால் சுருட்டி இழுத்து, தார்ப்பாயில் பரப்பிச் சருகாகக் காய விட்டுக் கொளுத்துங்கள். எருக்குழியிலோ வாய்க்காலிலோ போட்டால் அடுத்த வருடம் ஊரே உங்களைத் திட்டும். சினை ஆட்டுக்கும் போட வேண்டாம். மிச்சம் முளைப்பதை மாதம் ஒருமுறை பிடுங்குங்கள், ஆறு மாதமாவது விடாமல்.

மஞ்சள் கரிசாலைதான் வேண்டும் என்றால், மழைநீர் பிடித்து வைக்க முடிந்த அளவுக்கு நாலைந்து பாத்தி போதும், நிழல் கொஞ்சம் இருக்கட்டும். தண்டு வாங்கும்முன் அந்த மருந்துக் கடைக்காரரையே கூட்டிக்கொண்டு போய்த் தாய்ச்செடியைக் காட்டுங்கள்.